ஒரு சாரத்துக்கு எத்தனை

கொழும்பிலிருந்து திரும்பி வந்த பொதியை றம்லா தன் கையாலேயே அவிழ்த்தாள். சாக்கைக் கிழித்ததும் துவைத்துக் காயாத துணியின் வாடை குப்பென்று அடித்தது. மேலே கிடந்த சாரத்தில், ஆண்கள் இடுப்பில் உடுத்தும் அந்தக் கட்டம்போட்ட துணியில், கருஞ்சிவப்புச் சாயம் வெள்ளைக் கோடுகளுக்குள் கசிந்து, கட்டம் எது கோடு எது என்று தெரியாமல் போயிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. யாரோ ஒரு மனிதர் பெருநாளைக்கு எடுத்த புதுச்சட்டை. சாரத்தோடு சேர்த்துத் துவைத்ததில், வெட்டுப்பட்ட ஆளின் சட்டைபோல் ஆகியிருந்தது. கொழும்பு முதலாளி கடிதம் எதுவும் எழுதவில்லை. அந்தச் சட்டையை மட்டும் வைத்து அனுப்பியிருந்தார். அதைவிடக் கடுமையாக எழுத எந்தப் பேனாவுக்கும் வராது.

காத்தான்குடியில், ஆற்றோரத்தில் இருந்தது றம்லாவின் நெசவுப் பட்டறை. மட்டக்களப்பு வாவியை அந்தப் பக்கத்தார் ஆறு என்றுதான் சொல்வார்கள். பட்டறை நிற்கும் வளவு அவளுக்குச் சீதனமாக வந்தது. தறிகள் புருசன் போட்டவை. அவர் மௌத்தாகி அடக்கமானபோது, பொம்பிளை ஒருத்தி இனி என்னத்தைக் கிழிக்கப் போகிறாள் என்று ஊர் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. அவள் கிழிக்கவில்லை, நெய்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு விடியற்காலையில் வந்து நின்றாள் என்றால் தறிகள் தாமாகவே ஓடத் தொடங்கும் என்று நெசவுப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

அவளுடைய சிக்கனமும் ஊரறிந்தது. அறுந்த நூல் துண்டு தரையில் கிடந்தால் பொறுக்கி எடுத்து முடிச்சுப் போடச் சொல்வாள். பொதி கட்டிய கயிறு திரும்பி வந்தாக வேண்டும். சாயக்காரர் சாயம் காய்ச்சும் கிடாரத்தில் அள்ளிப் போடும் உப்பைக்கூட அவளே அளந்து கொடுப்பாள். அந்த வருசம் பட்டறைக்கு வரும் தண்ணீர் வண்டியையும் நிற்பாட்டியிருந்தாள். கடுகு போகிற இடத்தை ஆராய்கிறவருக்குப் பூசணிக்காய் போகிற இடம் தெரியாது என்று ஒரு சொல் உண்டு. அதை றம்லாவின் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிவு இருக்கவில்லை. அதுவரைக்கும் பூசணிக்காய் எதுவும் போகவில்லை என்பது ஒரு காரணம்.

இப்போது அது சாக்கில் கட்டித் திரும்பி வந்திருந்தது.

"தறிய நிற்பாட்டுங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது. "அசனார் காக்கா எங்க? வரச் சொல்லுங்க."

அசனார் பின்பக்கச் சாயக் கொட்டிலிலிருந்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், றம்லாவுக்கு அண்ணன் முறையில் காக்கா. றம்லாவின் புருசன் முதல் தறியைப் போட்ட நாளிலிருந்து கிடாரத்தோடு வெந்தவர். முழங்கை வரைக்கும் ஏறிய சிவப்பு இனி எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. பொதியைப் பார்த்தார், குனிந்து ஒரு சாரத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது ஆர்ர வேலை காக்கா?"

"சாயம் நான் போட்டதுதான் தங்கச்சி. ஆனா நான் ஒண்டும் குறைய வைக்கல்ல. கொதியும் குறையல்ல, உப்பும் குறையல்ல. சாய டின்தான் பிழையோ தெரியா."

"டின் போன வருசமும் இதே டின்தான். டின்னுக்கு வாய் இல்ல எண்டு அதுக்கு மேல போடுறீங்க."

அசனார் கையிலிருந்த சாரத்தை மடித்துப் பொதியின்மேல் வைத்தார். அந்த நிதானம்தான் அவள் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது. கடைசித் தடவை சாய டின் ஒன்று குறைந்தது நினைவுக்கு வந்தது. பெருநாள் நெருக்கத்தில் அவர் ஒரு பின்னேரம் வேளைக்கே வீட்டுக்குப் போனதும் நினைவுக்கு வந்தது. கோபம் வந்தால் நினைவுக்கு வருவதெல்லாம் சாட்சியாகிவிடும்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "வல்லாஹி, இது ஆர்ர பிழையால வந்ததோ, அவர் இந்தப் பட்டறைப் படிய இனி மிதிக்கப்படாது."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அல்லாஹ்வின் மேல் ஆணை சும்மா சொல்லுகிற பேச்சு இல்லை. ஆணையிட்டு வெளியேற்றிய சாயக்காரரை மருதமுனையிலும் எடுக்கமாட்டார்கள், சாய்ந்தமருதிலும் எடுக்கமாட்டார்கள். அந்த வயதில், அந்தச் சிவந்த கைகளோடு, அசனார் வேறு எந்த வேலைக்குப் போவார் என்று நெசவாளி நஸீறா நினைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. றம்லா அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் றம்லாவுக்கு ஆறவில்லை. எவ்வளவு பெரிய நாசம் நடந்திருக்கிறது என்று அந்த மனிதர் கண்ணால் காண வேண்டும், பிறகுதான் போக வேண்டும் என்று இருந்தது.

"இராயப்புத் தம்பி, இதால எங்களுக்கு எவ்வளவு நட்டம் எண்டு சொல்லுங்க. காசில சொன்னா இஞ்ச ஒருத்தருக்கும் விளங்காது. சாரமாச் சொல்லுங்க."

இராயப்பு புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலத்தால் சைக்கிள் மிதித்து வருகிற கணக்கப்பிள்ளை. அமைதியான ஆள். றம்லாவை அக்கா என்னாமல் ஊர் முறையில் ராத்தா என்பார். ஞாயிறு பூசைக்கும் இந்தக் கணக்குக்கும் ஒரே முகத்தோடு இருப்பார். அவர் ஒரு கெட்ட சாரத்தை எடுத்து மடித்து, பாயின் நடுவில் வைத்தார்.

"இது போனது. தரை துடைக்கத்தான் உதவும்." சுவர்த் தட்டிலிருந்து ஒரு நல்ல சாரத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். "இதுக்குப் பதிலா ஒண்டு நெய்து குடுக்கோணும். நூலும் சாயமும் கூலியும் ரெண்டாம் தரம்."

"ஓம். மறுகா?"

"றெயில் கூலி. போனதுக்கும் வந்ததுக்கும், இனிப் போறதுக்கும். பொதி கட்டுறது, அவிழ்க்கிறது, நல்லது கெட்டது பிரிக்கிறது. இண்டைக்குத் தறி எல்லாம் நிக்குது, அதுவும் செலவுதான்." இன்னொரு நல்ல சாரம் மேலே ஏறியது.

"இன்னும் தேடுங்க தம்பி."

இராயப்பு சற்று யோசித்தார். "கொழும்புக் கடையில எங்கட தட்டு இந்த நேரம் வெறுமையா இருக்காது. வேற ஆக்கள்ர சாரம் ஏறியிருக்கும். அத இறக்கி எங்கடத ஏத்தோணும் எண்டா விலையக் குறைக்கோணும். எவ்வளவு எண்டு சரியாச் சொல்ல ஏலாது. ஒண்டெண்டு வைப்பம். கூடுமே தவிரக் குறையாது."

மூன்றாவது நல்ல சாரமும் ஏறியது. கெட்டது ஒன்று அடியில் கிடக்க, அதன் நெஞ்சில் மூன்று நல்லவை ஏறி உட்கார்ந்திருந்தன. அந்த அடுக்கு ஒரு சாரத்துக்கு மட்டும்தான். பொதி நிறைய இருந்த ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு அடுக்கு என்று நினைத்துப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது.

"பாத்தீங்களா காக்கா," என்றாள் றம்லா. "ஒண்ட நீங்க கெடுத்தா மூண்டு எங்கட தலையில விழுது."

இப்படி அடுக்கும்போது அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுக்கு உயர உயர அவள் கோபத்துக்கு உயரமும் நியாயமும் கூடின. அது யாருடைய தலைக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அசனார் ஆணியில் மாட்டியிருந்த தன் சட்டையை எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை, தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் போறன் தங்கச்சி. போக முதல் ஒண்டு. பொதி போக முதல் ஒவ்வொரு தரமும் ஒரு சாரத்தத் துவைச்சுப் பாத்துத்தான் அனுப்பினம். நீங்களும் பக்கத்துல நிண்டு பாத்தீங்க. அண்டைக்கு ஒரு சொட்டுச் சாயம் போகல்ல. இண்டைக்கும் ஒருக்காத் துவைச்சுப் பாப்பம்."

அது உண்மை. பொதி கட்டும் நாளில் ஒரு சாரத்தை எடுத்துப் பட்டறையின் பின்துறையில் இறங்கித் துவைத்துப் பார்ப்பது அவள் புருசன் காலத்து வழக்கம். அப்படித்தான் பெருநாள் பொதியும் போனது. அன்று அவளும் துறையில் நின்று, நல்லது, கட்டுங்க என்று சொன்னாள்.

"வாங்க," என்றாள். "துவைங்க. எல்லாரும் பாக்கட்டும்."

பட்டறை முழுவதும் துறைக்கு இறங்கியது. பங்குனி வெயிலில் ஆறு அசையாமல் கிடந்தது. அசனார் முழங்கால் தண்ணீரில் நின்று, பொதியிலிருந்த நல்ல மூலையுள்ள ஒரு சாரத்தை முக்கி, கசக்கி, பிழிந்தார். பிழிந்த தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். தெளிந்த தண்ணீர். திரும்பவும் முக்கினார், திரும்பவும் பிழிந்தார். சாயம் போகவில்லை. நஸீறாவுக்கு மூச்சு வந்தது. பெண்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கொழும்பில்தான் ஏதோ கள்ளம் நடந்திருக்கிறது என்றாள் ஒருத்தி.

றம்லாவுக்கு அது அவமானமாக இருந்தது. "அந்தச் சட்டை கள்ளமா?" என்று கேட்டவள், அசனாரின் கையிலிருந்து அதே சாரத்தைப் பறித்துக்கொண்டு படியேறினாள். துறைத் தண்ணீரில் அவர் மெதுவாகக் கசக்கியிருப்பார், தன் கையால் கசக்கிக் காட்டுகிறேன் என்ற வெறி. மறுபடி கீழே இறங்க மனமில்லை. வாசலில் எல்லோரும் குடிப்பதற்கென்று வைத்திருந்த பானைத் தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி, சாரத்தை அதற்குள் அமிழ்த்தினாள்.

கசக்கவே தேவைப்படவில்லை. துணியிலிருந்து சிவப்பு தானாகவே கிளம்பிச் சட்டி முழுவதும் பரவியது.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அசனார் குனிந்து சட்டியைப் பார்த்தார். "இப்ப போகல்லையே," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "இப்பதானே துவைச்சன்."

"கண் கட்டு வித்தையா காட்டினீங்க?" என்று ஆரம்பித்த றம்லா, பாதியில் நிறுத்தினாள். ஒரே சாரம். ஒரே நாள். துறையில் போகாத சாயம் சட்டியில் போகிறது. கை வேறு என்றாலும் இவ்வளவு வேறாக இருக்காது. வேறாக இருந்தது தண்ணீர் மட்டும்தான்.

நெற்றி வியர்வையைத் துடைக்கப் புறங்கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். துறையில் நனைந்த சாரத்தைத் தூக்கி வந்த கை, சட்டியில் நனையாத கை. உதட்டில் பட்டது. உப்புக் கரித்தது.

மாரியில் வயல்வெள்ளம் இறங்கும்போது ஆற்றுத் தண்ணீர் நன்னீராக இருக்கும். வயல் வட்டைகள் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் கடலுக்குப் போகும். வெள்ளம் போன கையோடு கடல் அந்த வாயால் உள்ளே வரும். அதற்குப் பிறகு ஆறு கரிக்கும் என்பது காத்தான்குடியில் பேசத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும். குடிக்கிற தண்ணீர் உப்பானால் முகத்தைச் சுளிக்கிறவர்கள், நூல் அலசுகிற தண்ணீரை யோசிப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, ஏன் என்று தெரியாமலே, அவள் புருசன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். முகத்துவாரம் வெட்டிய மறுநாள் ஆரையம்பதி நல்லரத்தினத்தின் மாட்டு வண்டி பீப்பாவில் நல்ல தண்ணீரோடு பட்டறைக்கு வரும். சாயம் போட்ட நூலின் கடைசி அலசல் அந்தத் தண்ணீரில்தான்.

இந்த வருசம் முகத்துவாரம் வெட்டியபோது இராயப்பு வந்து கேட்டார், வண்டிக்குச் சொல்லி அனுப்பவா என்று. "ஆத்துல இவ்வளவு தண்ணி நிக்கிற நேரம் காசுக்குத் தண்ணி வாங்குறதா? மறுகா பாப்பம்," என்றாள் அவள். பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை.

கிடாரத்தில் உப்பு ஏன் போடுகிறார்கள்? சாயம் நூலை விட்டுப் போகாமல் பிடிப்பதற்கு. அந்த உப்பை அளந்து கொடுக்கிறவள் அவள். அப்படியென்றால் உப்புத் தண்ணீரில் அலசிய நூல் மிச்சச் சாயத்தை எப்படி விடும்? விடவில்லை. பிடித்து வைத்திருந்து, கொழும்பில் நல்ல தண்ணீரைக் கண்டதும் ஒரு மனிதரின் பெருநாள் சட்டையில் விட்டது. அவர்கள் பார்த்த பரீட்சையும் அதே உப்புத் தண்ணீரில் பார்த்த பரீட்சை. கள்ளனிடமே சாவியைக் கொடுத்துக் காவல் வைத்த கதை.

றம்லா நிமிர்ந்து பார்த்தாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. சட்டியில் இருந்த சிவப்பைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராயப்பு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்குச் சொல்லவா என்று கேட்டவர் அவர். அவருக்கு விளங்கியிருக்கலாம், விளங்காமலும் இருக்கலாம். அந்த முகத்தில் எதையும் வாசிக்க முடியாது.

"சாயம் போகுதுதான்," என்றார் அசனார். "எனக்கு ஒண்டும் விளங்கல்ல தங்கச்சி. ஆனா போட்ட கை என்ட கை. ஆணைக்கு மேல பேச்சு இல்ல. வாறன்." அவர் படியை நோக்கி நடந்தார்.

வாயைத் திறக்காவிட்டால் போதும். நாளைக்கு வண்டியை வரச் சொல்லலாம். சாயம் நிற்கும். புதுச் சாயக்காரர் நல்ல கைக்காரர் என்று ஊர் பேசும். பட்டறை அவள் கையிலேயே இருக்கும். அந்தப் படியைத் தாண்டினால் அசனார் போய்விடுவார், அவரோடு பழியும் போய்விடும். இந்த நினைப்பு வந்து போக எடுத்த நேரத்தில் அசனார் படிக்குக் கிட்டப் போய்விட்டார். தன்னுடைய கேவலம் அவளுக்கே தெரிந்தது.

"காக்கா, நில்லுங்க."

அவர் திரும்பினார்.

"பிழை உங்கடது இல்ல. டின்னும் இல்ல. தண்ணி. வண்டிய நிற்பாட்டினது நான்." ஒவ்வொன்றாக, தறியில் இழை எடுக்கிற மாதிரி எடுத்துச் சொன்னாள். உப்பு, அலசல், பரீட்சை, மறுகா பாப்பம் என்று சொன்னது. நஸீறா துறைக்கு இறங்கி ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினாள். பாயிலிருந்த அடுக்கை ஒருவரும் நேரே பார்க்கவில்லை.

"அந்த வண்டித் தண்ணி ஒரு சாரத்துக்கு எவ்வளவு வரும் தம்பி?" என்று றம்லா கேட்டாள்.

இராயப்பு மேலே இருந்த சாரத்தின் கரையில் விரலை வைத்துக் காட்டினார். ஒரு விரல் அகலம்.

வயதான நெசவாளி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள், "ஆணைய முறிச்சா கப்பாறா இரிக்கிதானே புள்ள. பத்து ஏழைக்குச் சோறு குடுத்தாச் சரி."

ஓம், அது மார்க்கத்தில் உள்ள வழிதான். றம்லாவின் மனம் அதைப் பற்றிக்கொள்ளத் தாவியது. அப்போது அசனார் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"எனக்கு எண்டா ஆணை. உங்களுக்கு எண்டா கப்பாறாவா தங்கச்சி?"

றம்லா முக்காட்டைச் சரிசெய்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து, அவர் கையில் கொடுக்காமல் பாயில், அந்த அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தன் சீதன வளவில், தன் புருசன் கட்டிய பட்டறையின் படியை ஒவ்வொன்றாக இறங்கி வெளியே போனாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாளோ என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வண்டிக்குச் சொல்லும் வேலையாவது தன்னுடையது என்று ஆரையம்பதிக்கு நடந்தாள். பக்கத்து ஊர்தான். நல்லரத்தினத்தின் வாசலில் வண்டி குத்தி நிறுத்தப்பட்டிருந்தது. பீப்பா வெயிலில் வெடித்துக் கிடந்தது. நல்லரத்தினம் ஒரு பாயை உதறி விரித்து, தள்ளி நின்றுகொண்டார்.

"அண்ணே, நாளையில இருந்து தண்ணி வேணும். என்ட பிழை, முதலே சொல்லியிருக்கோணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "வண்டி இருக்குப் புள்ள. பீப்பாவயும் ஊறப் போட்டாச் சரி வரும். மாடுதான் இல்ல."

"எங்க மாடு?"

"வித்துட்டன். வருசா வருசம் உங்கட தண்ணிதான் அதுக்கு வைக்கோல் போட்டது. இந்த வருசம் வருவாங்க வருவாங்க எண்டு பாத்தன், ஒருத்தரும் வரல்ல. தீனி போட வழியில்ல." வண்டியின் வெறும் நுகத்தடியைத் தடவினார். "பெருநாளுக்குக் கிட்ட ஒரு ஆள் வந்து கேட்டார். குடுத்தன். எங்க கொண்டு போறீங்க எண்டு நான் கேக்கல்ல."

பெருநாள் அன்று றம்லாவின் வீட்டிலும் மாட்டுக்கறி மணத்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் மணத்தது. அவள் பாயில் உட்காராமலே திரும்பினாள்.

வெயில் இறங்குகிற நேரம் பட்டறை வாசலுக்கு வந்தாள். உள்ளே தறிகள் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தன. அசனார் கொட்டிலில் நின்று பெண்களிடம் குடத்துத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார், நூலை அலசுவதற்கு. சாவிக்கொத்து அவர் இடுப்பில் இல்லை. பாயில் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவளைக் கண்டதும் அவர் கை நின்றது. வாங்க என்று சொல்லவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

றம்லா படியில் கால் வைக்காமல், வெளியே நின்றபடி கூப்பிட்டாள். "இராயப்புத் தம்பி."

அவர் வாசலுக்கு வந்தார்.

"அந்த அடுக்குல இன்னும் வைக்கோணும்."

"எதுக்கு ராத்தா?"

"நல்லரத்தினம் அண்ணன்ர மாட்டுக்கு. அத வித்துட்டார். எங்கட வண்டி நிண்டதாலதான்."

இராயப்பு ஒன்றும் கேட்காமல் தட்டிலிருந்து ஒரு நல்ல சாரத்தை எடுத்தார். பாயருகே குனிந்தவர், வைக்காமல் அப்படியே நின்றார். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"ஒரு மாட்டுக்கு எத்தின சாரம் ராத்தா?"

காலையில் இன்னும் தேடுங்க என்று சொன்னவள் வாசலுக்கு வெளியே நின்றாள். இராயப்பு சாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.